‘ரத்து’ என்ற ஒரு சொல்லும் அதற்குள் ஒளிந்திருக்கும் பல காரியங்களும்: சட்ட நீக்கம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ரயில் ரத்து. தேர்வு ரத்து. ஓட்டுநர் உரிமம் ரத்து. முன்பதிவு ரத்து. சட்டம் ரத்து. காலையில் செய்தித்தாளை விரித்தால் இந்த ஒரே சொல் நாலைந்து இடத்தில் கண்ணில் படும். முதல் நான்கிலும் நமக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ரயில் ரத்து என்றால் இன்றைக்கு வண்டி வராது, அவ்வளவுதான்.

ஐந்தாவதில்தான் சிக்கல். நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நீக்கினால் ‘ரத்து’ என்று எழுதுகிறோம். உச்ச நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்று சொன்னாலும் ‘ரத்து’. பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, திரும்பப் பெறுகிறோம் என்று அறிவித்தால் அன்று மாலையே ‘சட்டம் ரத்து’ என்று தலைப்பு வந்துவிடுகிறது. இவை மூன்றும் வேறு வேறு காரியங்கள். “அந்தச் சட்டத்தைத்தான் எடுத்துட்டாங்களே, அப்புறம் எப்படிக் கேஸ் நடக்குது?” என்று கேட்காத ஆளில்லை. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாடியில் துணி காயப்போடக் கூடாது

இருபத்துநான்கு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழு கூடி ஒரு விதி போடுகிறது: மொட்டை மாடியில் துணி காயப்போடக் கூடாது, மீறினால் 200 ரூபாய் அபராதம். லிஃப்ட் பக்கத்தில் தாள் ஒட்டியாகிவிட்டது. ஒரு வருடம் கழித்து, இந்த விதி வேண்டாம் என்று பலருக்கும் தோன்றுகிறது. என்னென்ன நடக்கலாம்?

சங்கச் செயலாளர் கோபத்தில் அந்தத் தாளைக் கிழித்து எறியலாம். தாள் போய்விடும், விதி போகாது. பொதுக்குழு மறுபடி கூடி, இந்த விதி இனி வேண்டாம் என்று தீர்மானம் போடலாம். அப்போதுதான் விதி போகும். இல்லையென்றால் யாரோ ஒருவர் வழக்குப் போட்டு, மாடி எல்லோருக்கும் பொது, இப்படி விதி போட உங்களுக்கு அதிகாரமே கிடையாது என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கலாம். அல்லது, மாடிக்குப் பூச்சு வேலை நடக்கும் ஆறு மாதத்துக்கு மட்டும் என்று விதியிலேயே எழுதியிருந்தால், ஆறு மாதம் முடிந்ததும் அது தானாகவே உதிர்ந்துவிடும். பால்கனி இல்லாத மூன்றாம் மாடிக்காரர்களுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி சேர்ப்பதும் நடக்கக்கூடியதே.

இவற்றில் இரண்டாவதுதான் சரியான பொருளில் சட்ட நீக்கம். ஒரு சட்டத்தை இயற்ற அதிகாரமுள்ள அவை, இன்னொரு சட்டத்தின் மூலம் அதை எடுத்துவிடுவது. ஆங்கிலத்தில் இதை ரிப்பீல் என்றும் அப்ரோகேஷன் என்றும் சொல்கிறார்கள். நம் சட்டத் தமிழில் ‘நீக்கறவு’ என்றொரு சொல் உண்டு. அரசிதழுக்கு வெளியே அதை யாரும் பேசிக் கேட்டதில்லை. நான் இங்கே ‘நீக்கம்’ என்றே எழுதுகிறேன்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. போன மாதம் துணி காயப்போட்டு, இன்னும் அபராதம் கட்டாத ஒருவர் இருக்கிறார். இந்த மாதம் விதியை எடுத்துவிட்டார்கள். அவர் அந்த 200 ரூபாயைக் கட்ட வேண்டுமா, வேண்டாமா? இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பாதி இந்த 200 ரூபாய்தான்.

கேட்டு வாங்கியது சட்டம்

அப்ரோகேஷன் என்ற சொல் பழைய ரோமிலிருந்து வருகிறது. ரோமக் குடியரசில் ஓர் அதிகாரி சட்டம் கொண்டுவர விரும்பினால், மக்களைச் சபையாகக் கூட்டி அவர்களிடம் கேட்க வேண்டும். “குடிமக்களே, இப்படி ஆகட்டும் என்று விரும்பி ஆணையிடுகிறீர்களா?” என்ற பொருளில் ஒரு மரபு வாசகமே இருந்தது. லத்தீனில் ‘ரோகாரே’ என்றால் கேட்பது. அதனால் சட்ட முன்வடிவுக்குப் பெயரே ‘ரோகாட்டியோ’, அதாவது ‘கேள்வி’. நம் ஊரில் மசோதா என்கிறோமே, அதுதான்.

மக்கள் பதில் சொன்ன விதம் இன்னும் அழகு. முதலில் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கி.மு. 131இல் சட்டங்களுக்கும் ரகசிய வாக்கெடுப்பு வந்தது. மெழுகு பூசிய சிறு பலகையில் ஓர் எழுத்து. ‘நீ கேட்டபடியே’ என்பதற்கு ‘வி’. ‘பழையபடியே இருக்கட்டும்’ என்பதற்கு ‘ஏ’. வேண்டாம் என்று மறுக்கத் தனிச்சொல் எதுவும் இல்லை. பழையபடி இருக்கட்டும் என்பதுதான் மறுப்பு. ‘வி’ எழுதிய பலகையை ஒருவர் பெட்டியில் போடும் காட்சியைப் பொறித்த ரோம வெள்ளிக்காசு ஒன்று இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது.

சட்டம் என்பது கேட்டு வாங்கியது என்றால், அதை எடுப்பதற்கும் கேட்கத்தானே வேண்டும்? ‘ரோகாரே’வுக்கு முன்னால் ‘விலக்கி’ என்ற பொருள் தரும் ‘அப்’ சேர்ந்து ‘அப்ரோகாரே’ ஆனது. மக்களிடம் மறுபடி கேட்டு, பழைய சட்டத்தை முழுவதுமாக எடுத்துவிடுவது என்று பொருள். இதோடு ஒட்டி ஒரு குடும்பமே உண்டு. சட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் ‘டெரோகாரே’. கொஞ்சம் சேர்த்தால் ‘சப்ரோகாரே’. பழைய சட்டத்துக்கு எதிராகப் புதியதைக் கொண்டுவந்து அதை மாற்றினால் ‘ஒப்ரோகாரே’. இயற்கை நீதி என்ற ஒன்று உண்டு, அதை மாற்றவோ, அதில் ஒரு துண்டை எடுக்கவோ, முழுவதும் நீக்கவோ முடியாது என்று ரோமப் பேச்சாளரும் சிந்தனையாளருமான சிசெரோ எழுதியபோது, இந்தச் சொற்களில் மூன்றை வரிசையாகப் பயன்படுத்தினார். ரோமச் சட்ட அறிஞர் மொடெஸ்டினுஸும் இதே வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: பகுதி போனால் ஒன்று, முழுதும் போனால் மற்றொன்று.

இன்று ஒருவரைக் கீழ்த்தரமாகப் பேசினால் ‘டெரகேட்டரி’ என்கிறோமே, அது இந்த ‘டெரோகாரே’வின் பேரப்பிள்ளைதான்: ஒருவருடைய மதிப்பில் ஒரு துண்டை எடுப்பது. போலீஸ்காரர் செய்யும் ‘இன்டராகேஷன்’ அதே குடும்பத்து மற்றொரு பிள்ளை. அங்கே கேட்பது வேறு மாதிரி.

ரிப்பீல் வேறு வழியில் வந்த சொல். பழைய பிரெஞ்சில் ‘திரும்ப அழைத்தல்’ என்று பொருள். அனுப்பிய ஆளைக் கூப்பிட்டுக்கொள்வதுபோல, ஊருக்குள் அனுப்பிய சட்டத்தைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வது. நம் ‘ரத்து’ அரபியின் ‘ரத்’ என்ற சொல்லிலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது. திருப்பி அனுப்புதல், மறுத்தல் என்று பொருள். ஒருவர் மறுபடி கேட்கிறார், இன்னொருவர் திரும்ப அழைக்கிறார், மூன்றாமவர் திருப்பி அனுப்புகிறார். எனக்கு ரோமக்காரர்களின் சொல்தான் பிடித்திருக்கிறது. யாரிடம் கேட்க வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பெண்கள் தெருவுக்கு வந்த சட்ட நீக்கம்

சொல்லை விளக்க ரோமிலிருந்தே ஒரு நிகழ்ச்சி. கி.மு. 216இல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் ரோமப் படை கன்னே என்ற இடத்தில் படுதோல்வி அடைந்தது. மறுவருடம், போர்க்கால நெருக்கடியில், ஒப்பியுஸ் என்பவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். எந்தப் பெண்ணும் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது. பலவண்ண ஆடை உடுத்தக் கூடாது. மத விழாக்களுக்கு அல்லாமல் நகருக்குள் வண்டி பூட்டிச் செல்லக் கூடாது.

போர் முடிந்தது. ரோம் வென்றது. ஊரில் பணம் புரண்டது. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. கி.மு. 195இல் இரண்டு மக்கள் பிரதிநிதிகள் அதை நீக்கும்படி கேள்வியைச் சபை முன் வைத்தார்கள். வேறு இருவர் தடுப்பதாகச் சொன்னார்கள். அப்போது பெண்கள் வீட்டைவிட்டு இறங்கித் தெருக்களை அடைத்தார்கள்; சபைக்குப் போகும் ஆண்களை வழிமறித்துக் கேட்டார்கள். கேட்டோ என்ற கறாரான தலைவர், இன்று இதை விட்டுக்கொடுத்தால் நாளை எதையும் நிறுத்த முடியாது என்று பெரிய உரையே ஆற்றினார். வலேரியுஸ் என்பவர் பதில் சொன்னார்: எப்போதைக்குமான பயன் கருதி வந்த சட்டங்கள் வேறு, ஒரு காலத்தின் தேவைக்காக வந்த சட்டங்கள் வேறு, இரண்டாவது வகைச் சட்டங்களுக்குச் சாவு உண்டு.

மறுநாள் பெண்கள், தடுப்பதாகச் சொன்ன இருவரின் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு நகரவே இல்லை. அவர்கள் தடையை விலக்கிக்கொண்டார்கள். எல்லாப் பிரிவு மக்களும் நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். இருபது வருடச் சட்டம் போயிற்று.

சட்டம் காலத்துக்கு ஒவ்வாமல் போனதால் தானாகச் சாகவில்லை. யாரும் மதிக்காததாலும் சாகவில்லை. மறுபடி கேட்டு, மறுபடி வாக்கெடுத்த பிறகுதான் போனது.

அறிவிப்பு வேறு, நீக்கம் வேறு

இந்தியாவில் இதை மிகத் தெளிவாகப் பார்த்தது வேளாண் சட்டங்களின்போதுதான். 2020 செப்டம்பரில் மூன்று சட்டங்கள் நிறைவேறின. பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்துவிட்டார்கள். 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செயல்படுத்துவதற்குத் தடை விதித்தது. அவர்கள் எழுந்து போகவில்லை. ஏனென்றால் தடை என்பது கடைக்கு வைத்த பூட்டு; சாமான் எல்லாம் உள்ளேயே இருக்கிறது, நீதிமன்றம் திறக்கச் சொன்னால் மறுநாளே வியாபாரம் தொடங்கலாம்.

நவம்பர் 19 அன்று, குருநானக் பிறந்தநாளில், பிரதமர் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அப்போதும் அவர்கள் எழவில்லை. நாடாளுமன்றத்தில் நடக்கட்டும், பார்க்கலாம் என்றார்கள். ‘அதான் பிரதமரே சொல்லிட்டாரே’ என்று பலருக்கு எரிச்சல். சட்டத்தின் கண்ணில் விவசாயிகள் சொன்னதுதான் சரி. பிரதமர் சொன்னது செயலாளர் தாளைக் கிழித்தது மாதிரி. பொதுக்குழு இன்னும் கூடவில்லை. நவம்பர் 29 அன்று இரண்டு அவைகளும் நீக்கச் சட்டத்தை நிறைவேற்றின. மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அப்போதுதான் அவை போயின. கூடாரங்கள் டிசம்பர் 11 அன்று பிரிக்கப்பட்டன. (நீக்கச் சட்டம் இரண்டு அவைகளிலும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது என்பது தனிக் கதை. ரோமில் பேசிய அளவுக்குக்கூடப் பேசவில்லை.)

இங்கே ஓர் அடிப்படை விதி இருக்கிறது: எந்த அவைக்கு ஒரு சட்டத்தை இயற்ற அதிகாரம் உண்டோ, அந்த அவைதான் அதை நீக்கலாம். நாடாளுமன்றச் சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு நீக்க முடியாது. அந்தத் தீர்மானம் ஒரு கோரிக்கை. அரசியலில் அதற்கு எடை உண்டு, சட்டத்தில் கிடையாது.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கடைசிப் பிரிவான 395ஐப் பாருங்கள். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தையும் 1947ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டத்தையும் அது நீக்குகிறது. இரண்டுமே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றியவை. நமக்கு விடுதலை தந்த சட்டத்தையே நாம் நீக்கினோம். இனி இங்கே சட்டம் செய்கிற, சட்டம் எடுக்கிற கை எங்கள் கை என்று சொல்வதற்கு அதைவிட நேரடியான வழி இல்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நீக்கம் என்பது சட்டத்தைச் சட்டத்தால் எடுப்பது. அதிகாரமுள்ள அவைதான் அதைச் செய்யலாம். அறிவிப்பும் தடையும் தீர்மானமும் நீக்கம் ஆகா.

சரி, அந்த 200 ரூபாய்?

சட்டம் போனால், அது இருந்த காலத்தில் நடந்தவை என்ன ஆகும்? பழைய ஆங்கிலேய நீதிமன்றங்களின் பதில் கடுமையானது. நீக்கிய சட்டம் ஒருபோதும் இருந்ததே இல்லை என்று கருத வேண்டும். முழுதாக முடிந்துபோன காரியங்கள் மட்டும் தப்பும். 1830இல் டின்டால் என்ற தலைமை நீதிபதி இதைத் தெளிவாகச் சொல்லிவைத்தார். அதன்படி பார்த்தால் நம் ஆள் அபராதம் கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே கட்டியவர் திருப்பிக் கேட்கவும் முடியாது. ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளி, இழுத்தடித்தவன் கெட்டிக்காரன்.

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு அரசியலமைப்புத் திருத்தமாகவே 1920இல் நடைமுறைக்கு வந்தது. 1933 டிசம்பரில் இன்னொரு திருத்தம் அதை நீக்கியது. அதற்கு முன் சாராயக் கடத்தலுக்காகக் குற்றம் சாட்டப்பட்டு, வழக்கு முடியாமல் இருந்தவர்களின் கதி? 1934 பிப்ரவரியில், சேம்பர்ஸ் வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: நிலுவையில் உள்ள வழக்குகள் அப்படியே விழுந்துவிடும். தண்டிக்க ஆதாரமான அதிகாரத்தையே மக்கள் எடுத்துவிட்டார்கள். பழைய வழக்குகள் மட்டும் தொடரும் என்று அவர்கள் எங்கும் எழுதிவைக்கவில்லை. தீர்ப்பு இறுதியாகி ஏற்கெனவே உள்ளே போனவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

‘எழுதிவைக்கவில்லை’ என்பதுதான் இங்கே முக்கியம். அப்படி எழுதிவைப்பதற்குப் பெயர் காப்புப் பிரிவு: சட்டம் போனாலும் அதன் கீழ் ஏற்பட்ட உரிமை, கடன், தண்டனை, வழக்கு இவையெல்லாம் போகாது என்று சொல்லும் பிரிவு. ஒவ்வொரு முறையும் மறக்காமல் எழுதுவது தொல்லை என்பதால், இந்தியாவில் மத்தியச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றை எழுதிவைத்திருக்கிறார்கள். 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், பிரிவு 6. வேறுவிதமான நோக்கம் தெரியாதவரை, நீக்கத்தால் பழைய செயல்கள் பாதிக்கப்படாது, சேர்ந்த உரிமைகள் அழியாது, விதித்த தண்டனை தொடரும், நடக்கும் விசாரணை நடக்கும், சட்டம் இன்னும் இருப்பதுபோலவே. அபராதக்காரர் 200 ரூபாயை எடுத்து வைக்க வேண்டியதுதான்.

இப்போது நம் கண் முன்னால் நடப்பது இதுவே. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆனால் 2024 ஜூன் 30 இரவு பதினொரு மணிக்கு நடந்த திருட்டுக்குப் பழைய சட்டம்தான், விசாரணை எத்தனை வருடம் கழித்து நடந்தாலும். புதிய சட்டத்தின் 358ஆம் பிரிவு அதைச் சொல்லிவிடுகிறது. இன்னும் பல ஆண்டுகளுக்கு வழக்கறிஞர்கள் இரண்டு புத்தகத்தையும் சுமக்கத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான ஒன்றைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். பயங்கரவாதத்தைத் தடுக்க வந்த தடா சட்டம் 1995 மே மாதம் காலாவதியானது. காலாவதி என்பது குறித்த ஆயுள் முடிந்து, யாரும் நீட்டிக்காததால் சட்டம் தானாக விழுவது. அதற்கு 6ஆம் பிரிவு உதவாது, சட்டமே தனக்கென்று காப்பு எழுதிவைத்திருக்க வேண்டும். தடாவில் அது இருந்தது. அதனால்தான் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில், அதாவது சட்டம் இறந்து இரண்டரை ஆண்டுக்குப் பிறகு, 26 பேருக்கு மரண தண்டனை விதிக்க முடிந்தது. மறுவருடம் உச்ச நீதிமன்றம் அந்தக் கொலைக்குத் தடா பொருந்தாது என்று சொல்லி, பலரை விடுவித்தது. அங்கேயும் காரணம் தடா காலாவதியானது அல்ல. தடா சொல்கிற குற்றம் நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்பதே.

பேயோட்டியை ஓட்டினால் பேய் திரும்புமா?

ஒரு சட்டத்தை இன்னொரு சட்டம் நீக்குகிறது. அந்த இரண்டாவது சட்டத்தை மூன்றாவது சட்டம் நீக்கினால், முதல் சட்டம் உயிர்த்தெழுமா? பழைய ஆங்கில வழக்கில் எழும். அதனால் வந்த குளறுபடி பொறுக்காமல் 1850இல் பிரிட்டனில் அதை மாற்றினார்கள். இந்தியாவிலும் எழாது, எழ வேண்டுமென்றால் வெளிப்படையாக எழுத வேண்டும் என்கிறது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம்.

இதன் தம்பி ஒரு கேள்வி. ஒரு சட்டத்தில் நான்கு வரி சேர்ப்பதற்காக மட்டும் ஒரு திருத்தச் சட்டம் வருகிறது. திருத்தச் சட்டத்தை நீக்கினால், அந்த நான்கு வரியும் போய்விடுமா? போகாது. சுவருக்கு வண்ணம் அடித்த பிறகு தூரிகையைத் தூக்கிப் போட்டால் சுவரில் உள்ள வண்ணமும் போய்விடுமா என்ன?

வேளாண் சட்டங்கள் மூன்றில் ஒன்று இந்த வகை: 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் ஓர் உட்பிரிவைச் சேர்த்த திருத்தச் சட்டம். அதனால் 2021இன் நீக்கச் சட்டம் மூன்று சட்டங்களையும் நீக்குவதோடு நிற்கவில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்திருந்த அந்த உட்பிரிவையும் எடுத்துவிடச் சொல்லித் தனியாக ஒரு பிரிவு எழுதியிருக்கிறது. அதை எழுதிய அதிகாரி யாராக இருந்தாலும் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய சட்டங்களை ஒழித்துவிட்டோம் என்று அரசுகள் பெருமை பேசும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்களில் பெரும் பங்கு இப்படிப்பட்ட திருத்தச் சட்டங்களே, அதாவது வேலை முடிந்த தூரிகைகள். நல்ல காரியம்தான், அலமாரி சுத்தமாகும். நாட்டில் எதுவும் மாறியிருக்காது.

நீக்கம் போலத் தெரியும் மற்றவை

நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் செல்லாது என்று அறிவிப்பது வேறு கதை. அங்கே நீதிமன்றம் சொல்வது, இனி இது வேண்டாம் என்று அல்ல. அரசியலமைப்புக்கு முரணான இதை இயற்றவே உங்களுக்கு அதிகாரம் கிடையாது என்பது. நீக்கம் பொதுவாக முன்னோக்கிப் பார்க்கும். செல்லாமை பின்னோக்கியும் பார்க்கும். இணையத்தில் எழுதியதற்காகப் பலரைக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் அந்த வரிகள் அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தன. அடிக்குறிப்பில் மட்டும் தீர்ப்பின் செய்தி. விளைவு? அதற்குப் பிறகும் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாகின. 2021இல் இது தெரியவந்தபோது உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. நாடாளுமன்றம் முறைப்படி நீக்கியிருந்தால் அந்த வரிகளே புத்தகத்தில் இருந்திருக்காது. சட்டத்தின் பார்வையில் செத்தது, காகிதத்தில் சாகாமல் நடமாடியது.

விலக்கு இன்னொரு வகை; ரோமக்காரர்களின் ‘டெரோகாரே’வுக்குப் பக்கத்தில் வரும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் முடிவில் நடந்தது இதுதான். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் எங்கும் போகவில்லை. தமிழ்நாட்டளவில் ஒரு திருத்தம் செய்து ஜல்லிக்கட்டை அதன் பிடியிலிருந்து விலக்கினார்கள். மேடைகளில் ‘நீட் ரத்து’ என்றும் ‘நீட் விலக்கு’ என்றும் மாற்றி மாற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றிய மசோதா கேட்டது இரண்டாவதை மட்டும்தான். நாடு முழுவதுக்குமான நீட்டை நீக்குவது அதன் கையில் இல்லை.

நீக்கப்படவே இல்லை என்பதை நாம் மறந்துபோன சட்டங்களும் உண்டு. 1817-18இல் லண்டனில் ஒரு கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட ஆபிரகாம் தார்ன்டன் நீதிமன்றத்தில் தன் கையுறையைக் கீழே எறிந்து, இறந்த பெண்ணின் அண்ணனைச் சண்டைக்கு அழைத்தார். இடைக்காலத்து உரிமை: குற்றவாளியா இல்லையா என்பதை நேருக்கு நேர் சண்டையில் தீர்த்துக்கொள்ளலாம். எல்லோரும் திகைத்தார்கள். நீதிபதிகள் ஏடுகளைப் புரட்டினார்கள். அந்த உரிமையை யாரும் நீக்கியிருக்கவில்லை! அப்படியென்றால் இருக்கிறது என்றே தீர்ப்பளித்தார்கள். அண்ணன் சண்டைக்கு வரவில்லை; தார்ன்டன் விடுதலையானார். மறுவருடமே நாடாளுமன்றம் அவசரமாக அதை நீக்கியது.

சிரிக்க வேண்டாம், நம்மிடமும் ஒன்று இருக்கிறது. 1937இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம், சேலத்தில் முதலில் நடைமுறைக்கு வந்ததே, அது இன்றுவரை நீக்கப்படவில்லை. 1971இல் மதுவிலக்கைத் தள்ளிவைத்தார்கள், பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள், மறுபடி தளர்த்தினார்கள். சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. டாஸ்மாக் கடைகளின் சில்லறை விற்பனைக்கான 2003ஆம் ஆண்டு விதிகள் அந்த மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் போடப்பட்டவை. 2024இல் கள்ளக்குறிச்சிச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு தண்டனையைக் கூட்டியதும் அதே சட்டத்தைத் திருத்தித்தான். மதுவிலக்குச் சட்டத்தின் பெயரால் மது விற்கும் மாநிலம் நம்முடையது.

மறுபடி ஒரு முறை கோத்துப் பார்த்தால்: தடை பூட்டுகிறது, காலாவதியில் சட்டம் தானாக உதிர்கிறது, நீதிமன்றம் செல்லாது என்கிறது, விலக்கு ஒரு துண்டை ஒதுக்குகிறது. நீக்கம் ஒன்றுதான் சட்டத்தைப் புத்தகத்திலிருந்தே எடுக்கிறது.

எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள்?

நீக்கச் செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். குற்றப் பரம்பரைச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1871இல் வடக்கே தொடங்கியது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிறந்த சாதியின் பெயரால் ஒருவரைக் குற்றவாளியாகப் பதிந்து, கைரேகை வாங்கி, இரவில் காவல் நிலையத்தில் படுக்கவைத்த சட்டம். தென்மாவட்டத்து மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று. சீர்மரபினர் என்று இன்று அரசுப் பட்டியலில் இருக்கும் பெயர் அந்த நீக்கத்தை ஒட்டி வந்தது.

ஆனால் எடுத்த இடம் வெறுமையாக இல்லை. ‘வழக்கமான குற்றவாளிகள்’ பற்றிய சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. சாதியின் பெயர் போய்த் தனிநபரின் பெயர் வந்தது. பெயர் பதிவு, நடமாட்டக் கட்டுப்பாடு, காவல்துறைக் கண்காணிப்பு ஆகியவற்றின் சாயல் தொடர்ந்தது. நீக்கம் நடந்தது உண்மை. அந்த மக்களுக்கு அது பெரிய விடுதலை என்பதும் உண்மை. காவல் நிலையத்துக்கும் அவர்களுக்கும் இருந்த உறவு அந்த ஒரே நாளில் மாறிவிடவில்லை.

அதனால் அடுத்த முறை ‘சட்டம் ரத்து’ என்று தலைப்பைப் பார்த்தால், நீக்கச் சட்டத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். ‘நீக்கமும் காப்பும்’ என்ற தலைப்பில் ஒரு பிரிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எது போனது, எது தங்கியது, பழைய வழக்குகள் எப்படி நடக்கும் என்பதெல்லாம் அந்த அரைப் பக்கத்தில்தான். பாரதிய நியாய சன்ஹிதாவிலும் கடைசிப் பிரிவு அதுவே. அங்கிருந்து பின்னோக்கிப் புரட்டினால் 318இல் மோசடி வரும், நேற்றுவரை 420ஆக இருந்தது. ஊரில் ஏமாற்றுக்காரனை இன்னும் யாரும் ‘முன்னூற்றுப் பதினெட்டு’ என்று திட்டத் தொடங்கவில்லை.